கிறிஸ்து அரசரின் சனிக்கிழமைகள்

எங்கள் உப்பாற்றுத்துறையில் கிறிஸ்து அரசர் முதன்முதலாகப் பீடத்தை விட்டு இறங்கி நடந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரண்ட் இல்லை, ஐஸ் கம்பெனியில் ஐஸ் இல்லை, கரையில் கூடை கூடையாகச் சாளை மீன் கெட்டுக்கொண்டிருந்தது, ஊரே ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டிருந்தது. ஆகவே நாலரை அடி மரச்சிலை ஒன்று, தலையில் கிரீடமும் இடது கையில் உலக உருண்டையும் வலது கையில் செங்கோலுமாகக் கோவிலின் பக்கவாட்டுக் கதவு வழியே வெளியே வந்து, மீன் கூடைகளுக்கு நடுவே செங்கோல் பிடித்த கையாலேயே அங்கியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் வழி கேட்காமல் நடந்து போனதைப் பார்த்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், ஆனால் நின்று பேச ஒருவருக்கும் நேரமில்லை. வழிவிட்டவர்கள் வழிவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் "பார்த்துப் போம், அங்கன வழுக்கும்" என்று சொன்னதாகப் பிற்பாடு சொன்னாள்.

மறுநாள் காலை பூசைக்குப் பூ மாற்றப் போன இஞ்ஞாசியம்மாள்தான் வெற்றுப் பீடத்தைக் கண்டாள். கோவில் சாவி, பூ, மெழுகுவர்த்தி, சாமியாரின் அங்கி எல்லாம் அவள் பொறுப்பு. தொண்டையும் அவளுக்குக் கொஞ்சம் பெரிது. "ராசாவைக் காணோமே!" என்று அவள் போட்ட சத்தத்தில் பங்குச்சாமி ததேயுஸ் பல் விளக்கிய நுரையோடு வந்தார், கயத்தான் பர்னாந்து கட்டிய சாரத்தோடு ஓடி வந்தார். கயத்தான் விழாக்குழுத் தலைவர், இரண்டு விசைப்படகுக்குச் சொந்தக்காரர். ராசாவின் கிரீடம் அவருடைய தாத்தா செய்து கொடுத்தது என்பதால், கிரீடத்துக்குக் கீழே இருப்பவரும் தம் குடும்பத்துக்காரர்தான் என்ற நினைப்பு அவருக்கு உண்டு. செயலாளர் நான். கூட்டத்தில் பேசியதை நோட்டில் எழுதுவது என் வேலை, எழுதக்கூடாததை எழுதாமல் விடுவது அதைவிடப் பெரிய வேலை.

தேடித் தேடிக் கடைசியில் ராசாவைக் கண்டுபிடித்த இடம் எஸ்ரா அண்ணாச்சியின் வாட்ச் ரிப்பேர் கடை. எஸ்ரா அண்ணாச்சி எங்கள் ஊரின் ஒரே யூதர். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் கேரளத்துப் பரூரிலிருந்து எங்கள் கோவில் மணிக்கூண்டுக் கடிகாரத்தைச் சரிசெய்ய ஒரு வாரத்துக்கு என்று வந்தார். கடிகாரம் இன்றுவரை சரியாகவில்லை, அவரும் திரும்பிப் போகவில்லை. பிறகு அவர் மனைவி சிம்கா அக்காவும் வந்து, முன்னால் கடையும் பின்னால் வீடுமாகக் குடித்தனம் நடத்தினார்கள். பிள்ளை இல்லை. அக்கா போன வருஷம் இறந்துவிட்டாள். சனிக்கிழமை தோறும் அந்தக் கடையில் வேலை நடக்காது. கடிகாரங்களுக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு கொடுக்கிறார் என்றுதான் நாங்கள் இத்தனை வருஷமும் நினைத்திருந்தோம்.

நாங்கள் போனபோது ராசா வாடிக்கைக்காரர் உட்காரும் பெஞ்சில் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். உலக உருண்டை, பிரித்துப்போட்ட அலாரக் கடிகாரங்களுக்கு நடுவே மேசையில் இருந்தது. செங்கோல் குடை வைக்கும் மூலையில் சாய்ந்திருந்தது. கிரீடம் மட்டும் வெளியே, வாசலில், எஸ்ரா அண்ணாச்சியின் நீல வார் ரப்பர் செருப்புக்குப் பக்கத்தில், செருப்போடு செருப்பாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் கயத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்ப வந்தாரு, அண்ணாச்சி?" என்று கேட்டார் சாமியார்.

"நேத்து சாயங்காலம் ஓய்வுநாள் விளக்கேத்துறதுக்கு அஞ்சு நிமிசம் முந்தி வந்தாரு, சாமி. கிரீடத்தைக் கழத்தி வச்சாரு, உள்ள வந்து உக்காந்தாரு. அவரும் ஒண்ணும் பேசல, நானும் ஒண்ணும் பேசல."

"தூக்கிட்டாவது வந்து கோவில்ல வச்சிருக்கலாம்லா?" என்றார் கயத்தான்.

"ஓய்வுநாள்ல நான் ஒரு குடையக்கூடத் தெருவுல தூக்கிட்டுப் போக மாட்டேன். உங்க ராசாவை எப்படித் தூக்குறது? நீங்க தூக்கிட்டுப் போங்க. உருவம் எங்களுக்கு ஆகாது, பத்துக் கட்டளையில ரெண்டாவது."

"எங்க கணக்குல அது முதல் கட்டளைக்குள்ள அடங்கிரும்" என்றார் சாமியார், விட்டுக்கொடுக்காமல்.

"அடங்கட்டும். ஆனா இருக்குல்லா?"

நாலு பேர் சேர்ந்து தூக்கிப் பார்த்தோம். தேரில் ஏற்ற இரண்டு பேர் போதும் என்கிற சிலை அன்று அசையவில்லை. சாயங்காலம் வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்து ஓய்வுநாள் முடிந்ததும் அவரே எழுந்து, உருண்டையை எடுத்து, செங்கோலை எடுத்து, வாசலில் குனிந்து கிரீடத்தைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தவழியே கோவிலுக்குப் போய்ப் பீடத்தில் ஏறி நின்றுகொண்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவர் அங்கியின் ஓரத்தில் இரண்டு மீன் செதில் ஒட்டியிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமையும் போனார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் போனார். நாலாவது வாரம் சாமியார் பிரசங்கத்தில் உடைத்துச் சொன்னார்: "இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை, அன்பார்ந்தவர்களே. ஆண்டவர் பிறப்பால் யூதர். ஓய்வுநாள் அனுசரிக்கத் தம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறார்."

சிலை நடந்ததற்கு வராத அதிர்ச்சி இதற்கு வந்தது. "யூதரா?" என்று கோவிலே எழுந்து நின்றது. "நம்ம ஆளுல்லா அவரு!" என்று கயத்தான் முன்வரிசையிலிருந்து கத்தினார். "படகுல ஏறுனாரு, வலையை வலப்பக்கமாப் போடச் சொன்னாரு, கரையில கரி மூட்டி மீன் சுட்டாரு! இதெல்லாம் நம்மாளு செய்யுற வேலைல்லா சாமி!" சிலுவையின் உச்சியிலுள்ள பலகையில் 'நாசரேத்தூர் இயேசு, யூதர்களின் அரசர்' என்றுதான் சுருக்கமாக நாலெழுத்தில் எழுதியிருக்கிறது என்று சாமியார் விளக்கினார். அது படகுக்கு இருப்பதுபோல ஏதோ பதிவு எண் என்று நாங்கள் மூன்று தலைமுறையாக நினைத்திருந்தோம்.

கயத்தான் லேசில் விடுகிறவர் இல்லை. அந்தப் பலகையையே ஆதாரமாக வைத்துக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை சாமியாரையும் என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

"அண்ணாச்சி, அவரு யூதரின் அரசர்னு எழுதியிருக்கு. இந்த ஊருல யூதர் நீரு ஒருத்தர்தான். அப்போ அவருக்கு இருக்கிற ஒரே குடிமகன் நீருதான். ராசா வாரத்துக்கு வாரம் வீடு தேடி வாறாரு. நீரு எந்திரிச்சு ஒரு கும்பிடு போட வேண்டாமா?"

எஸ்ரா அண்ணாச்சி கண்ணில் வைத்திருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பலகையை எழுதுனது நாங்க இல்ல. ரோமாபுரிக்காரன் கேலிக்கு எழுதி மாட்டுனான். அந்தக் கேலிக்கு நாங்க ரெண்டாயிரம் வருசமா அடி வாங்குறோம்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "எங்க ராசா வாறப்ப எப்படித் தெரியும்னு எங்க வேதத்துல இருக்கு. சண்டை நின்னுரும். வாளை அடிச்சுக் கலப்பை ஆக்கிருவாங்க. நீங்க கரைக்குப் போய்ப் பாருங்க. உங்களுக்கும் வடக்குத்தெருவுக்கும் உள்ள வலைத் தகராறு தீர்ந்திருச்சா?"

கயத்தான் முந்தினநாள்தான் வடக்குத்தெருக்காரர் ஒருவரின் சட்டையைக் கிழித்திருந்தார்.

"அவருடைய ஆட்சி இவ்வுலகைச் சார்ந்தது அல்ல" என்று சாமியார் கைகொடுத்தார். "உள்ளத்தில் ஆளுகிறார். முழுமையாக ஆளும் நாள் இனிமேல் வரும்."

"அப்போ இந்த உலகத்துல தேர் எதுக்கு சாமி? கிரீடம் எதுக்கு?" என்றார் எஸ்ரா அண்ணாச்சி. சாமியார் சிரித்துவிட்டார். "உங்களுக்கு அவரு ராசா, நான் ஒண்ணும் சொல்லல. என் வாசலுக்கு அவரு ராசாவா வரல. கிரீடத்தைக் கழத்தி வச்சிட்டு வாறவரு விருந்தாளி. கடை வரைக்கும் இருக்கட்டும். வீட்டுக்குள்ள மட்டும் வேண்டாம்."

அப்படியே தீர்ந்தது. கடை வீடாகாது, விருந்தாளி உருவமாகாது என்று நான் நோட்டில் எழுதி இருதரப்பிலும் கையெழுத்து வாங்கினேன்.

அதன்பின் ஊர் பழகிக்கொண்டது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குமேல் நடுத்தெருவில் மீன் கூடை வைப்பதில்லை என்று ஆனது. ஐஸ் கம்பெனிக்காரர் அந்த நேரத்தில் தண்ணீரைத் திறந்துவிடுவதில்லை. நாய்களைக் கட்டிப்போட்டார்கள், பிறகு நாய்களே படுத்தபடி வாலை ஆட்டப் பழகிவிட்டதால் அவிழ்த்தும் விட்டார்கள். "ராசா போயிட்டாரு, இன்னும் விளக்கேத்தாம என்னடி பண்ணுத" என்று மாமியார்கள் மருமக்களை ஏசினார்கள். சனிக்கிழமை கல்யாணம் வைத்தவர்கள் கோவிலில் தாலி கட்டிவிட்டு வாட்ச் கடைப் பெஞ்சுக்கு முன் வந்து நின்று வணங்கினார்கள், அவர்களில் பாதிப்பேர் அப்படியே தங்கள் பழுதான கடிகாரத்தையும் கொண்டுவந்து, இன்று வேலை கிடையாது என்று எஸ்ரா அண்ணாச்சி சொன்னதும் பெஞ்சில் இருப்பவரிடம் முறையிட்டார்கள். எதிர்த்தெருப் பெந்தெகோஸ்தே பாஸ்டர் இரண்டு வாரம் ஒலிபெருக்கி வைத்து இதைக் கண்டித்தார். மூன்றாவது வாரம் தம் ஓடாத கைக்கடிகாரத்தோடு அவரே வந்தார்.

வாசலில் கிடக்கும் கிரீடம்தான் கயத்தானுக்கு உறக்கம் கெடுத்தது. யாராவது செருப்பு என்று நினைத்துக் காலில் மாட்டிக்கொண்டு போய்விட்டால்? ஆகவே கிரீடத்துக்குக் காவலாக இஞ்ஞாசியம்மாள் நியமிக்கப்பட்டாள். அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து செருப்புகளுக்குப் பக்கத்தில் போட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலமும் சனிக்கிழமை பகலும் உட்கார்ந்து பூக்கட்டினாள். அங்கே உட்கார்ந்து உட்கார்ந்துதான் அவளுக்குக் கடையின் தெருப்பக்கச் சன்னல் கண்ணில் பட்டது.

இஞ்ஞாசியம்மாளின் குடும்பத்துக்கு எங்கள் ஊரில் ஒரு தனி உரிமை உண்டு. ஈஸ்டருக்கு முந்தினநாளான பெரிய சனிக்கிழமையன்று, ஆண்டவர் பாடுபட்டதைக் காட்டும் பாஸ்கு நாடகத்துக்கு உள்ள பொம்மைகளில் யூதாசை மட்டும் வெளியே எடுத்து, கழுத்தில் கயிறு கட்டித் தெருத்தெருவாக இழுத்துச் செருப்பால் அடிப்போம். முப்பது காசுக்கு ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவனுக்கு அந்த மரியாதை. அதில் முதல் அடி இஞ்ஞாசியம்மாள் குடும்பத்துடையது; அப்பாவுக்குப் பின் அவளுக்கு வந்தது, வேறு யாரும் முந்தினால் கோர்ட்டுக்குப் போவாள். அத்தனை வருஷத்து அடியில் யூதாசுக்கு மூக்கு போய், காது போய், கழுத்து ஆட்டம் கண்டு, பாதி உடம்பு ஆணிதான்.

ஒரு சனிக்கிழமை மதியம் அவள் கேட்டாள். நான் அப்போது அங்கே இருந்தேன்.

"அண்ணாச்சி, அக்கா ஏன் ஒவ்வொரு பெரிய சனிக்கும் இந்தச் சன்னலைச் சாத்துவா? தூசிக்காகவா?"

"முதல் வருசம் திறந்துதான் வச்சிருந்தா" என்றார் எஸ்ரா அண்ணாச்சி. "ஊர்வலம் பாக்க அவளுக்கு ஆசை. இந்த முக்குலதான் நீ செருப்பைக் கழத்தி அடிச்ச. எல்லாரும் 'அடி, யூதப்பயலை அடி'ன்னு கத்துனாங்க. அவ உள்ள வந்து, 'இவங்க நம்மளையா சொல்றாங்க'ன்னு கேட்டா. இல்ல, அது வேற ஆளுன்னு சொன்னேன். பெறவு வருசாவருசம் அவளே சாத்திக்கிட்டா."

"மறுநா காலையில என் வீட்டுக்கு வந்து ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லுவாளே, அண்ணாச்சி."

"சொல்லுவா. நீ கொடுக்கிற பலகாரத்தைக் கொண்டாந்து எனக்கும் கொடுப்பா."

இஞ்ஞாசியம்மாளின் தொண்டையிலிருந்து சத்தம் வராமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. நானும் கத்தியிருக்கிறேன், முப்பத்தேழு வருஷமாக, அந்தச் சன்னலுக்குப் பத்தடி தூரத்தில்.

பிறகு அவள், "அக்காவுக்கு ஆண்டுச் செபம் எப்ப வருது?" என்று கேட்டாள்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. சிம்கா அக்காவின் முதல் ஆண்டு நினைவு, அவர்கள் நாள்காட்டிப்படி, அந்த வருஷம் சரியாக எங்கள் கிறிஸ்து அரசர் பெருவிழா ஞாயிறன்று சூரியன் மறையும் நேரத்தில் தொடங்குகிறது. அவர்களுக்கு நாள் பிறப்பதே சாயங்காலத்தில்தான். அன்று கதீஷ் என்ற செபத்தைச் சொல்லவேண்டும், ஆனால் அதைத் தனியாகச் சொல்ல முடியாது, பத்து யூத ஆண்கள் வேண்டும். அக்காவைப் பரூரில் அடக்கம் செய்தபோது கூடியவர்கள் எட்டே பேர். மற்ற எல்லாரும் எப்போதோ இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள்.

"அவளுக்கு இன்னும் ஒருதடவைகூடச் சொல்லல" என்றார் எஸ்ரா அண்ணாச்சி. "எனக்கு எழுபத்தாறு ஆச்சு, நெஞ்சு வேற சரியில்ல. அடுத்த வருசத்தை நம்ப முடியாது."

"அதுல அக்காவைப் பத்தி என்ன வரும்?"

"அவ பேரே வராது. சாவுங்கிற வார்த்தையும் வராது. கடவுள் பேரு பெருசு, அவரு ஆட்சி சீக்கிரம் வரட்டும், அவ்வளவுதான். வீட்டுல ஆளு போயிட்டா கடவுள் மேல கோவந்தானே வரும்? அந்தக் கோவத்தோட எந்திரிச்சு நின்னு, நீதான் ராசா, உன் ஆட்சி வரட்டும்னு சொல்லணும். தனியா நின்னா நாக்கு எழும்பாது. அதுக்குத்தான் பத்துப் பேரு."

"இது ஆண்டவரு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பரலோக மந்திரம்லா! 'உம்முடைய ராச்சியம் வருக'!"

"பின்ன, அவரு எங்க படிச்சாருன்னு நினைக்க?" என்று எஸ்ரா அண்ணாச்சி பெஞ்சைக் காட்டினார். ராசா மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இஞ்ஞாசியம்மாள் பூவைக் கீழே வைத்துவிட்டு விரல் மடக்கத் தொடங்கினாள். பெஞ்சில் ஒருவர், மேசையில் ஒருவர், இரண்டு ஆயிற்று. அப்போஸ்தலர்கள் எல்லாரும் யூதர்தானே? பெருவிழாவில் ராசாவின் தேருக்கு முன்னால் சப்பரத்தில் போகும் அப்போஸ்தலர் சிலைகள் பன்னிரண்டு இருந்தன, பழைய புயலில் ஐந்து போய் மிச்சம் ஏழு: இராயப்பர், பெலவேந்திரர், யாகப்பர், அருளப்பர், பிலிப்பு, மத்தேயு, தோமையார். ஆக மொத்தம் ஒன்பது. அன்று சாயங்காலம் விழாக்குழு அவசரக் கூட்டத்தில் பத்தாவது ஆளைத் தேடினோம். அந்தோனியார்? போர்த்துக்கல்காரர். சவேரியார்? அவரும் அந்தப் பக்கத்துக்காரர். செபஸ்தியார்? ரோமாபுரி. சூசையப்பர் அசல் யூதர், தாவீது ராசாவின் வம்சம், ஆனால் எங்களிடம் இருப்பது படம்தான், படம் நடக்காது. மாதா இருக்கிறாளே என்று இஞ்ஞாசியம்மாள் கேட்டாள். தங்கள் பரூர் முறைப்படி ஆண்கள் மட்டும்தான் கணக்கு என்று கூட்டத்துக்கு வந்திருந்த எஸ்ரா அண்ணாச்சி சொல்லிவிட்டார். பெண்களைக் கணக்கில் எடுக்காத விஷயத்தில் இரண்டு வேதக்காரர்களுக்கும் எப்போதும் ஒற்றுமைதான் என்று அவள் சொன்னதை நான் நோட்டில் எழுதவில்லை.

"முதல்ல, மரச்சிலை கணக்குல வருமா?" என்று கயத்தான் கேட்டார்.

எஸ்ரா அண்ணாச்சி மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் தீர்ப்புச் சொன்னார்: "தூக்கிட்டு வந்தா மரம். நடந்து வந்தா ஆளு."

பெருவிழா அன்று ஊர் நடுங்கிக்கொண்டிருந்தது. தேர் வாட்ச் கடை முக்கில் பத்து நிமிஷம் நிற்பது என்று முடிவாகியிருந்தது, ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை; ராசா நடப்பது வெள்ளிக்கிழமை. அப்போஸ்தலர்கள் பிறந்ததிலிருந்து நடந்ததே இல்லை. பட்டாசும் பாண்டு வாத்தியமுமாகத் தேர் நடுத்தெருவுக்கு வந்தபோது சூரியன் பனங்காட்டுக்குமேல் ஒரு முழம் உயரத்தில் இருந்தது. எஸ்ரா அண்ணாச்சி வெள்ளை வேட்டி சட்டையும் தலையில் சின்னக் குல்லாவுமாக, கையில் புத்தகத்தோடு கடைக்குள் நின்றிருந்தார். 

தேர் நின்றது. பாண்டுக்காரர்கள் ஊதுவதை நிறுத்தினார்கள். ராசா தேரிலிருந்து இறங்கினார். வாசலில் கிரீடத்தைக் கழற்றிச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார், உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். எங்கள் மூச்சு திரும்பி வந்தது. பிறகு சப்பரத்தில் இராயப்பர் சாவிக்கொத்து குலுங்க எழுந்தார், பெலவேந்திரர் பெருக்கல் குறி போன்ற தம் சிலுவையைப் பாண்டுக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினார், யாகப்பரும் அருளப்பரும் ஒரே நேரத்தில் வாசலில் நுழையப் பார்த்து இடித்துக்கொண்டார்கள், பிலிப்பும் மத்தேயுவும் பின்னாலேயே நுழைந்தார்கள். தோமையார் மட்டும் சப்பரத்தில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, இறங்கி வந்து, கதவு நிலையைத் தொட்டுப் பார்த்து, அப்புறம்தான் உள்ளே போனார். கூட்டம் சிரித்தது, அழுதது, கைதட்டியது. கயத்தான் மூக்கைச் சிந்தினார்.

ஒன்பது. பத்தாவது ஆள் இல்லை. வெயில் சிவந்துகொண்டே வந்தது. எஸ்ரா அண்ணாச்சி ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

"அண்ணாச்சி" என்று இஞ்ஞாசியம்மாள் வாசலிலிருந்து கேட்டாள். "கணக்குக்குப் பாவி ஆகுமா?"

"பாவி ஆகாதுன்னா, பத்துப் பேருக்கு எங்க போறது?"

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கோவிலை நோக்கி ஓடினாள். என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நானும் பின்னாலே ஓடினேன். கோவிலுக்குப் பின்புறச் சாமான் அறையின் பூட்டைத் திறந்தாள். உடைந்த நட்சத்திரங்களுக்கும் கிறிஸ்துமஸ் குடில் ஒட்டகங்களுக்கும் பின்னால் யூதாஸ் மூலையைப் பார்த்துச் சாய்ந்திருந்தான், கழுத்தில் போன பெரிய சனிக்கிழமைக் கயிறு. அவள் கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"வாரும்" என்றாள். எங்கள் ஊரில் அவரை மரியாதையாகக் கூப்பிட்ட முதல் ஆள் அவள்தான். "என்மேல கோவம் இருந்தா பெறவு வச்சுக்கும். இப்ப உம்ம ஆளு ஒருத்திக்குச் செபம் சொல்லணும். வாரும்."

யூதாஸ் வந்தார். ஆணிகள் கிறீச்சிட, ஆட்டம் கண்ட கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வருஷா வருஷம் அவரை இழுத்துப்போகும் அதே தெருவில் இஞ்ஞாசியம்மாளுக்குப் பின்னால் நடந்து வந்தார். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. 

கடை வாசலில் அவர் நின்றுவிட்டார். தேரோடு வந்தவர்கள் மரியாதைக்காகக் கழற்றிப் போட்ட செருப்பு வாசலில் மலைபோலக் கிடந்தது. அதைப் பார்த்ததும் யூதாஸ் இரண்டு கையையும் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார்.

அதைப் பார்த்த எங்கள் ஊரார் எண்ணூறு பேரில் தலை குனியாதவர் ஒருவரும் இல்லை. இஞ்ஞாசியம்மாள் தரையில் முழங்காலிட்டு, "ஐயோ, இல்லய்யா, இல்ல" என்று அழுதுகொண்டே, இரண்டு கையாலும் செருப்புகளை இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் தள்ளினாள். கிரீடமும் செருப்புகளோடு ஓரமாகப் போயிற்று, கயத்தான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஆள் போகிற அளவுக்கு வழி ஆயிற்று. யூதாஸ் விரலுக்கு நடுவே பார்த்துவிட்டு உள்ளே காலெடுத்து வைத்தார்.

பெஞ்சில் இடமில்லை. இராயப்பர் வேறு பக்கம் பார்த்தார். அப்போது ராசா நகர்ந்து உட்கார்ந்தார், அங்கியை ஒதுக்கிக்கொண்டு, தமக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு.

எஸ்ரா அண்ணாச்சி எண்ணினார். பத்து. சூரியன் பனங்காட்டுக்குள் இறங்கியது. அவர் எழுந்து நின்றார், அவரோடு பெஞ்சில் இருந்தவர்களும் எழுந்து நின்றார்கள், அவர் சொல்லத் தொடங்கினார். அது அரமாயிக் பாஷை, உங்கள் ராசா சின்ன வயசில் வீட்டில் பேசிய பாஷை என்று முந்தியே சொல்லியிருந்தார். எங்களுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆமென் மட்டும் புரிந்தது. அது வந்தபோதெல்லாம் தெருவில் நின்ற எண்ணூறு பேரும் ஆமென் சொன்னோம். நடுவில் அவர் குரல் உடைந்து நின்றது. அப்போது உள்ளேயிருந்து, மரத்தில் மரம் உரசுவதுபோன்ற பத்தாவது குரல் ஒன்று அடுத்த வார்த்தையை எடுத்துக்கொடுத்தது என்று இஞ்ஞாசியம்மாள் சத்தியம் செய்கிறாள்.

முடிந்ததும் கயத்தான் மெதுவாகக் கேட்டார். "இப்ப என்ன சொல்லுதீரு, அண்ணாச்சி? அவரு ராசாதானே?"

எஸ்ரா அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க ராசா இன்னும் வரல. அதுல மாத்தமில்ல." பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். "ஆனா உங்க ராசாவுக்கு எடம் விடத் தெரியுது. நீங்க அதைக் கத்துக்கிடுங்க."

அன்று தேர் திரும்பிப் போகும்போது ராசா வெறுந்தலையோடு போனார். கிரீடத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த பெரிய சனிக்கிழமை ஊர்வலம் வழக்கம்போலக் கிளம்பி வாட்ச் கடை முக்குக்கு வந்தது, ஆனால் கயிறும் இல்லை, இழுக்க ஆளும் இல்லை, என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாரும் சும்மா நின்றோம். சிம்கா அக்காவின் சன்னல் திறந்திருந்தது. உள்ளே, அது ஓய்வுநாள் ஆனதால், ராசாவும் யூதாசும் பெஞ்சில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். நான் அங்கேயே நின்றுகொண்டு நோட்டைத் திறந்து எழுதினேன்: 'முதல் அடி உரிமையை இஞ்ஞாசியம்மாள் குடும்பம் விட்டுக்கொடுத்தது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.'